கதவைச் சாத்திய பிறகு

(நூலக வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வீட்டுக்குள் நடக்கும் சண்டை ஒரு மனிதர் பெரிதாக நினைப்பவற்றை எப்படி மாற்றுகிறது என்பதைப் பற்றிப் பேசும்படி கேட்டிருந்தார்கள். கணவன் மனைவி மனத்தாங்கல், அப்பா பிள்ளை பிணக்கு, அண்ணன் தம்பி பாகப்பிரிவினை, இதில் ஒன்றாவது தெரியாதவர் இந்த அவையில் இருக்க மாட்டார். ஆனால் நம் வீட்டுச் சண்டையை நாம் உள்ளபடி சொல்வதில்லை. சொல்லும்போதே நம் பக்கத்து நியாயத்தைக் கூட்டிவிடுகிறோம். அடுத்தவர் பேசியதில் பாதியை விழுங்கிவிடுகிறோம். ஆகவே, தன் வீட்டுச் சண்டையைத் தனக்கு எதிராகவே எழுதி வைத்துவிட்டுப் போன ஒருவரைத் தேடினேன். காந்தி கிடைத்தார்.

1925 முதல் 1929 வரை ‘நவஜீவன்’ இதழில் அவர் குஜராத்தியில் எழுதிய தொடர்தான் ‘சத்திய சோதனை’. ரா. வேங்கடராஜுலுவின் தமிழில் உங்களில் பலர் படித்திருப்பீர்கள். அரசியலைத் தேடிப் படிப்பவர்கள் அவசரமாகத் தாண்டிப் போகிற பக்கங்கள் அதில் உண்டு. அந்தப் பக்கங்களைத்தான் இன்று எடுத்துக்கொள்கிறேன்.

1897 ஜனவரி. மனைவி மக்களோடு காந்தி டர்பன் துறைமுகத்தில் வந்து இறங்குகிறார். இந்தியர்கள் வரக் கூடாது என்று கொதித்துப் போயிருந்த வெள்ளையர் கூட்டம் அவரைத் தெருவில் மடக்கிக் கல்லாலும் முட்டையாலும் அடித்தது, உதைத்தது. போலீஸ் சூப்பரின்டெண்டெண்ட் அலெக்ஸாண்டரின் மனைவி தற்செயலாக அந்த வழியே வந்தவர், கையிலிருந்த குடையை விரித்துக் குறுக்கே நின்றதால் உயிர் தப்பினார். அடித்தவர்கள் மேல் வழக்குப் போடலாம் என்று அரசாங்கமே முன்வந்தபோது காந்தி வேண்டாம் என்றுவிட்டார். உண்மை தெரிந்ததும் அவர்களே வருந்துவார்கள் என்றார். இருபத்தேழு வயதில் ஒரு மனிதர் காட்டிய இந்தப் பெருந்தன்மையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த வருஷம், 1898. அதே டர்பனில் அவர் குடியிருந்த வீடு. மேல்நாட்டு மோஸ்தரில் கட்டியது. அறைகளிலிருந்து கழிவுநீர் வெளியேற வழி கிடையாது. ஒவ்வோர் அறையிலும் சிறுநீர்ப் பாத்திரம் வைத்திருப்பார்கள். அலுவலகக் குமாஸ்தாக்கள் பலர் குடும்பத்தில் ஒருவராக அவரோடே தங்கியிருந்தார்கள். குஜராத்திகளும் தமிழர்களும் உண்டு. பழகியவர்கள் தங்கள் பாத்திரத்தைத் தாங்களே எடுத்துக் கழுவிவிடுவார்கள். புதிதாக வருகிறவர்களுடையதைக் கணவனும் மனைவியும் எடுப்பார்கள். வேலைக்காரரிடமோ தோட்டியிடமோ விடுவதில்லை என்பது காந்தியின் உறுதி.

அப்போது வந்து சேர்ந்தவர் ஒரு கிறிஸ்தவர். பஞ்சமர் என்று அந்தக் காலம் ஒதுக்கி வைத்திருந்த பெற்றோருக்குப் பிறந்தவர். கஸ்தூரிபா மற்றவர்களின் பாத்திரத்தை எப்படியோ சகித்து எடுத்தவர்தான். இவருடையதை எடுக்க அவருக்கு மனம் வரவில்லை. கணவர் எடுப்பதையும் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. போர்பந்தரில் ஒரு வணிகர் வீட்டில் ஆசாரத்திலேயே வளர்ந்த பெண். அந்த ஆசாரம் கொடியது. அந்த மனிதரை அது மனிதராகவே எண்ணவிடவில்லை. அன்று அந்த வீட்டில் அந்தக் குமாஸ்தாவின் மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்பதற்குக் காந்தி இதை எழுதிய அத்தியாயத்தில் இடமில்லை. அதைப் படிக்கும்போது எனக்கு முதலில் உறுத்துவது அதுதான்.

வெளிப்புறமாக ஒரு படிக்கட்டு. கஸ்தூரிபா கையில் பாத்திரத்தோடு இறங்குகிறார். கண் சிவந்திருக்கிறது, கன்னத்தில் நீர் வழிகிறது. வாயால் கணவரைத் திட்டிக்கொண்டே வருகிறார். சொன்ன வேலையைச் செய்துவிட்டாரே, அதோடு காந்தி நிறுத்தியிருக்கலாம். செய்தது போதாது, சிரித்த முகத்தோடு செய்ய வேண்டும் என்கிறார்! இந்த வீட்டில் இந்தக் கூத்தை நான் பொறுக்க மாட்டேன் என்று கத்துகிறார். உங்கள் வீட்டை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், நான் போகிறேன் என்கிறார் அந்த அம்மாள். காந்தி அவர் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போய், எதிரே இருந்த வாசல் கதவைத் திறந்து, வெளியே தள்ளப் பார்க்கிறார்.

தெருவில் தன்னை உதைத்த அந்நியர்களை மன்னித்தவரும் இவர்தான். சொந்த வீட்டில் மனைவியைப் பிடித்துத் தள்ளியவரும் இவர்தான். எப்படி இரண்டும் ஓர் ஆளாக இருக்க முடியும்? தெருவில் அவர் அடிபட்டவர். வீட்டில் அவர் எஜமானர். அதைவிட முக்கியமானது இன்னொன்று. வீட்டில் நியாயம் அவர் பக்கம் இருந்தது. தீண்டாமை பாவம் என்பதில் அவர் சொன்னது முழுக்கச் சரி. கஸ்தூரிபா செய்தது தவறு. நியாயம் முழுசாக நம் பக்கம் இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் நமக்குக் கை நீளுகிறது. தப்பு செய்கிறோம் என்ற கூச்சம் இருக்கிறவன் கொஞ்சம் அடக்கி வாசிப்பான். சரியானதற்காகச் சண்டை போடுகிறவனுக்கு அந்தக் கூச்சமும் போய்விடுகிறது. நம் வீடுகளில் நடக்கும் பெரிய கொடுமைகளில் பல, பிள்ளையின் நன்மைக்காக, குடும்பத்தின் நன்மைக்காக என்று செய்யப்பட்டவைதான்.

அந்த அம்மாள் அப்போது சொன்னதைப் பாருங்கள். வெட்கமாக இல்லையா என்று கேட்டார். எங்கே போவேன் நான், இந்த ஊரில் எனக்குத் தாய் தகப்பன் உண்டா, உறவு உண்டா என்று கேட்டார். மனைவி என்பதால் அடி உதையெல்லாம் வாங்கிக்கொண்டு கிடக்க வேண்டுமா என்று கேட்டார். யாராவது பார்த்துவிடப் போகிறார்கள், கதவைச் சாத்துங்கள் என்றார். இதில் தீண்டாமையைப் பற்றி ஒரு பேச்சு இல்லை. காந்தி எந்த விஷயத்தில் தோற்க முடியாதவராக இருந்தாரோ அந்த விஷயத்தை அந்த அம்மாள் தொடவே இல்லை. காந்தி முகத்தை விறைப்பாக வைத்துக்கொண்டார், உள்ளே கூசிப் போனார், கதவைச் சாத்தினார்.

இந்தச் சண்டைக்குப் பிறகு என்ன மாறியது? கழிவறைச் சுத்தம், தீண்டாமை பற்றி அவர் கொண்டிருந்த கருத்து மாறவில்லை, இன்னும் வலுத்தது. மாறியது வேறு. அந்தக் காலத்தில் மனைவி என்பவள் கணவனின் இச்சைக்கும் ஏவலுக்கும் பிறந்தவள் என்று தான் நினைத்திருந்ததாக அதே அத்தியாயத்தில் எழுதுகிறார். 1900இல் அந்த எண்ணம் அடியோடு மாறத் தொடங்கியது, 1906இல் அது முழு உருவம் பெற்றது என்கிறார். சரியான காரியத்தையும் இன்னொருவர் கையைப் பிடித்து இழுத்துச் செய்விக்கக் கூடாது என்று கற்றுக்கொள்ள அவருக்கு எட்டு வருஷம் பிடித்திருக்கிறது. 1906 செப்டம்பர் 11ஆம் தேதி ஜோகன்னஸ்பர்க் எம்பயர் தியேட்டரில் நடந்த கூட்டத்தை, சத்தியாக்கிரகம் பிறந்த இடம் என்று பாடப்புத்தகத்தில் படிக்கிறோம். அதே 1906. கஸ்தூரிபா தன்னை எதிர்த்து நின்ற உறுதியும், தன் முட்டாள்தனத்தைப் பொறுத்துக்கொண்ட அமைதியும்தான் தன்னை வெட்கப்படவைத்து அகிம்சையைக் கற்றுத் தந்தன என்று காந்தி சொன்னதாக ஜான் ஹாய்லண்ட் என்ற ஆங்கிலேயர் பதிவு செய்திருக்கிறார். ஒரு பேரரசை எதிர்த்து நிற்கும் முறையின் ஒரு வேர் அந்தப் படிக்கட்டில் இருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

ஆனால் எல்லாச் சண்டையும் இப்படி முடியவில்லை.

1901இல் குடும்பம் இந்தியா திரும்பப் புறப்பட்டது. நேட்டால் இந்தியர்கள் பொன்னும் வெள்ளியும் வைரமுமாகப் பரிசுகள் கொடுத்தார்கள். அதில் ஐம்பது கினி பெறும் ஒரு தங்க நெக்லஸ் கஸ்தூரிபாவுக்கு. அன்று இரவு காந்தி தூங்கவில்லை. பொதுச்சேவைக்குக் கூலி வாங்கலாமா என்று இரவு முழுக்க நடந்துகொண்டே யோசித்து, எல்லாவற்றையும் ஒரு டிரஸ்டில் போட்டுவிடுவது என்று முடிவு செய்தார். பார்சி ருஸ்தம்ஜி முதலியவர்களை டிரஸ்டிகளாகப் போட்டு, பத்திரத்தின் வரைவையும் எழுதிவிட்டார். மனைவியிடம் பேசியது கடைசியில்தான். அதற்கு முன் பிள்ளைகளைத் தன் கட்சிக்கு இழுத்துக்கொண்டார்.

கஸ்தூரிபா விடவில்லை. உங்களுக்கு வேண்டாம், பிள்ளைகளுக்கும் வேண்டாம். நீங்கள் ஆட்டிவைத்தால் அவர்கள் ஆடுவார்கள். நாளைக்கு வரும் மருமகள்களுக்கு என்ன செய்வது? என் நகையைத்தான் பிடுங்கிக்கொண்டீர்கள், இப்போதே என் பிள்ளைகளையும் சாமியாராக்கப் பார்க்கிறீர்களா? நெக்லஸ் எனக்குக் கொடுத்தது, அதைத் திருப்பித் தர நீங்கள் யார்? இப்படிக் கேட்டார். உன் சேவைக்காகவா என் சேவைக்காகவா கொடுத்தார்கள் என்று காந்தி மடக்கினார். அதற்கு அவர் சொன்ன பதில்தான் என்னைப் பொறுத்தவரை அந்த நூலிலேயே மிகக் கூர்மையான வாதம். நீங்கள் செய்த சேவையில் நான் செய்தது இல்லையா, இரவும் பகலும் உங்களுக்கு உழைத்தேனே, யார் யாரையோ கொண்டுவந்து என் தலையில் கட்டினீர்கள், அழுதுகொண்டே அவர்களுக்கெல்லாம் நான் ஊழியம் செய்தேனே, அது சேவை இல்லையா என்றார்.

சில அம்புகள் தைத்தன என்று காந்தியே ஒப்புக்கொள்கிறார். ஆனாலும் எப்படியோ சம்மதத்தைக் கறந்துவிட்டேன் என்கிறார். 1896இலும் 1901இலும் வந்த பரிசுகள் எல்லாம் டிரஸ்டுக்குப் போயின. பிற்காலத்தில் மனைவியும் அதன் நன்மையை உணர்ந்தார் என்றும் எழுதுகிறார். பொதுவாழ்வில் இருப்பவர் பரிசு வாங்கக் கூடாது என்ற கொள்கை மிக உயர்ந்தது. இன்றைக்கு நம் நாட்டில் அது எத்தனை தேவை என்று நான் சொல்ல வேண்டியதில்லை. என் வருத்தம் வேறு. மனைவியின் உழைப்பும் சேவைதானே என்ற கேள்வி அந்தச் சண்டையில் அவர் முன் வந்து நின்றது. அவர் ஜெயித்துவிட்டதால் அதற்குப் பதில் சொல்லத் தேவையில்லாமல் போய்விட்டது. 1898இல் கூசிப்போய்க் கதவைச் சாத்தினாரே, அந்தக் கூச்சம் 1901இல் இல்லை.

அதே வழியில் போய்ப் பெரிய விலை கொடுத்தது மூத்த மகன் ஹரிலால் விஷயத்தில். ஹரிலால் சாதாரணப் பிள்ளை அல்ல. தென்னாப்பிரிக்கப் போராட்டத்தில் 1908 முதல் மீண்டும் மீண்டும் சிறைக்குப் போனவர். சின்ன காந்தி என்று பேர் வாங்கியவர். அவருக்கு லண்டன் போய்ச் சட்டம் படிக்க ஆசை. காந்தியின் நண்பர் டாக்டர் பிராண்ஜீவன் மேத்தா உபகாரச் சம்பளம் தர முன்வந்தார். அது முதலில் உறவுக்காரர் சகன்லாலுக்குப் போனது. அவர் உடல்நலம் கெட்டுத் திரும்பியதும் சோராப்ஜி அடாஜானியாவுக்குப் போனது. சொந்த மகன் என்பதற்காகச் சலுகை காட்டக் கூடாது என்பது தகப்பனின் நியாயம். அந்த நியாயத்திலும் குறை சொல்ல முடியாது. தான் மட்டும் லண்டன் போய் பாரிஸ்டர் ஆனவர் மகனுக்கு அந்தப் படிப்பு வேண்டாம் என்கிறாரே என்பது மகனின் கேள்வி. அதிலும் நியாயம் இருந்தது. 1911இல் ஹரிலால் வீட்டைவிட்டுப் போய்விட்டார்.

பிறகு நடந்தது ஊரறிந்த கதை. மனைவி 1918இல் இறந்தார். குடி, கடன். 1936இல் இஸ்லாத்துக்கு மாறினார், சில மாதங்களில் திரும்பினார். அது மதத்தின் மேல் கொண்ட பற்றைவிட அப்பாவின் மேல் கொண்ட கோபம் என்றே பலரும் பார்த்தார்கள். கத்னி ரயில் நிலையத்தில் நடந்ததாக ஒரு சம்பவம் சொல்வார்கள். காந்தி போகிற வண்டி நிற்கிறது. எல்லோரும் காந்திக்கு ஜே போட, ஒரு குரல் மட்டும் அன்னை கஸ்தூரிபாவுக்கு ஜே என்கிறது. கந்தலாகப் போன உடையோடு ஹரிலால். பையிலிருந்து ஓர் ஆரஞ்சுப் பழத்தை எடுத்து அம்மாவிடம் நீட்டுகிறார். எனக்கு ஒன்றும் இல்லையா என்று காந்தி கேட்க, இது அம்மாவுக்கு மட்டும், உங்கள் பெருமையெல்லாம் அம்மாவால் வந்தது என்கிறார். இருபத்தைந்து வருஷத்துச் சண்டையில் அந்த மகன் எதைப் பெரிதென்று எண்ணலானார் என்பது அந்தப் பழத்தில் தெரிகிறது. தகப்பன் பெரிதென்று நினைத்த எதுவும் அவருக்குப் பெரிதாக இல்லை. நாட்டில் எத்தனையோ பேரை மாற்றியவர் மகன் விஷயத்தில் ஓரடிகூட இறங்கி வரவில்லை என்பது என் முடிவு. இறங்கியிருந்தால் மகன் திருந்தியிருப்பார் என்று சொல்ல வரவில்லை. இவர் மகனின் கேள்வியையாவது கேட்டிருப்பார்.

இதுவரை கணவர் மாறியதையும் மாறாததையும் சொன்னேன். கஸ்தூரிபாவின் மாற்றத்தை இன்னும் சொல்லவில்லை. அது இன்னும் மெதுவானது, என் கண்ணுக்கு இன்னும் பெரியது.

1913 மார்ச் 14. கேப் உயர் நீதிமன்றத்தில் நீதிபதி சீர்ல் ஒரு தீர்ப்புச் சொன்னார். கிறிஸ்தவ முறைப்படி நடக்காத, பதிவு செய்யப்படாத திருமணங்கள் செல்லாது என்பது அதன் விளைவு. தென்னாப்பிரிக்காவில் இருந்த இந்துப் பெண்கள், முஸ்லிம் பெண்கள், பார்சிப் பெண்கள் ஒரே நாளில் மனைவியர் என்ற தகுதியை இழந்தார்கள். பிள்ளைகள் சொத்துரிமையை இழந்தார்கள். தான் தொடங்கியிருந்த ஃபீனிக்ஸ் குடியிருப்பின் பெண்களைப் போராட்டத்துக்கு வரும்படி காந்தி கேட்டார். தன் மனைவியிடம் மட்டும் கேட்கவில்லை. கணவன் சொன்னானே என்று வந்துவிடக் கூடாது. வந்து கோர்ட்டில் நடுங்கக் கூடாது என்று நினைத்தார். இழுத்துச் செய்விக்கக் கூடாது என்று 1898 சொல்லிக்கொடுத்த பாடம் அது. பேச்சைக் கேட்டுவிட்ட கஸ்தூரிபா, என்னிடம் ஏன் கேட்கவில்லை, எனக்கு என்ன குறை என்று கேட்டார். சிறையைத் தாங்காமல் மன்னிப்புக் கேட்டு வெளியே வந்தால் என்னோடு நீங்கள் உறவே வைத்துக்கொள்ள வேண்டாம் என்றார்.

அந்தச் செப்டம்பரில் பதினாறு பேர் கொண்ட ஃபீனிக்ஸ் குழு எல்லை தாண்டிக் கைதாயிற்று. மூன்று மாதக் கடுங்காவல். கஸ்தூரிபா அடைபட்ட சிறை பீட்டர்மாரிட்ஸ்பர்க். 1893இல் காந்தியை ரயிலின் முதல் வகுப்புப் பெட்டியிலிருந்து இறக்கிவிட்டார்களே, அதே ஊர். காந்தியின் டால்ஸ்டாய் பண்ணையிலிருந்து கிளம்பி நியூகாசில் சுரங்கத் தொழிலாளர்களை வேலைநிறுத்தத்துக்கு எழுப்பிய பெண்களும் கைதாகி அங்கேதான் வந்து சேர்ந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள். கூலிகளாகவும் சிறு வியாபாரிகளாகவும் போன குடும்பத்துப் பெண்கள். ஆசாரம் கெட்டுவிடும் என்று ஒரு பாத்திரத்தைத் தொட அழுத அம்மாள், பதினைந்து வருஷத்துக்குப் பிறகு அந்தச் சிறைச் சோற்றோடும் அந்தப் பெண்களோடும் இருந்தார். டிசம்பரில் வெளியே வந்தபோது எலும்பும் தோலுமாக இருந்தார். அந்தப் போராட்டத்தில் சிறை சென்று, காய்ச்சலோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22ஆம் தேதி இறந்த பதினாறு வயதுப் பெண் நம் தில்லையாடி வள்ளியம்மை. அடுத்த வருஷம் இந்தியா வந்த காந்தி தில்லையாடிக்குப் போய் அந்த மண்ணைப் பார்த்துவிட்டு வந்தார்.

ஒரு சிறைவாசத்தில் ஆசாரம் முழுசாகக் கரைந்துவிட்டது என்று சொன்னால் அது பொய். 1915இல் அகமதாபாத் ஆசிரமத்தில் தூதாபாய், தானிபென் என்ற தலித் தம்பதியும் அவர்கள் குழந்தை லட்சுமியும் சேர்ந்தபோது கஸ்தூரிபாவுக்கு அது பிடிக்கவில்லை. காந்தியே எழுதியிருக்கிறார். பிறகு அந்த லட்சுமி அந்த வீட்டுப் பெண்ணாகவே வளர்ந்தாள். 1938இல் ஒரிசாவின் தேலாங்கில் கூட்டத்துக்குப் போயிருந்தபோது, அக்காலத்தில் தலித்துகளை அனுமதிக்காத பூரி ஜெகந்நாதர் கோயிலுக்குள் கஸ்தூரிபா போய்விட்டு வந்தார். கேள்விப்பட்ட காந்தி உடைந்து போனார். ஆனால் இந்தத் தடவை கையைப் பிடித்து இழுக்கவில்லை. எடுத்துச் சொல்லிப் புரியவைக்காமல் விட்டது எங்கள் தவறு என்று தன்னையும் தன் செயலர் மகாதேவ் தேசாயையும் நொந்துகொண்டார். அந்த வீட்டில் அதே சண்டை, அதே விஷயம், நாற்பது வருஷ இடைவெளி. கணவர் எவ்வளவு மாறியிருக்கிறார் என்று பாருங்கள். மனைவிக்கு இன்னும் எவ்வளவு தூரம் போக வேண்டியிருந்தது என்றும் பாருங்கள். ஆசாரம் அவ்வளவு ஆழமாக ஊறுகிற விஷம்.

1942 ஆகஸ்டில் கைதாகி, புணே ஆகா கான் மாளிகையில் காவலில் இருந்தபோதே 1944 பிப்ரவரி 22ஆம் தேதி கஸ்தூரிபா காலமானார். காந்தி நூற்ற நூலில் நெய்த சேலையைத்தான் அவருக்குப் போர்த்தினார்கள். ஹரிலால் கடைசியாக அம்மாவைப் பார்க்க வந்தபோதும் குடித்திருந்தார். அவரைப் பார்த்து அந்த அம்மாள் நெற்றியில் அடித்துக்கொண்டு அழுதார். தகப்பனுக்கும் மகனுக்கும் நடந்த சண்டை ஒருவருக்கும் எதையும் கற்றுக்கொடுக்காமலே முடிந்தது. தகப்பன் இறந்த அதே 1948இல், ஜூன் மாதம், பம்பாயில் மகனும் இறந்தார்.

இங்கே உட்கார்ந்திருக்கும் தகப்பன்மாருக்கும் கணவன்மாருக்கும் ஒன்று சொல்லி முடிக்கிறேன். பிள்ளை வேறு சாதியில் கல்யாணம் செய்துகொள்கிறேன் என்கிறது, நாம் சொன்ன படிப்பு வேண்டாம் என்கிறது, மனைவி வேலைக்குப் போகிறேன் என்கிறாள். பல நேரம் நாம் நினைக்கிற நியாயம் நியாயமே இல்லை. சில நேரம் அது உண்மையான நியாயமாகவே இருக்கலாம். இரண்டிலும் அடுத்தவர் வாயிலிருந்து வரும் கேள்வியை முழுசாகக் கேட்டுவிட வேண்டும். நம் நூலகத்தில் ‘சத்திய சோதனை’ பிரதிகள் இருக்கின்றன. நான்காம் பாகம், பத்தாம் அத்தியாயம். சில பக்கங்கள்தான். வீட்டில் எல்லோரும் இருக்கிற நேரமாகப் பார்த்து வாய்விட்டுப் படியுங்கள். படித்து முடித்ததும், நான் உங்களிடம் எப்போதாவது இப்படி நடந்திருக்கிறேனா என்று மனைவியிடமும் பிள்ளைகளிடமும் கேளுங்கள். அவர்கள் சொல்லி முடிக்கும்வரை தயவுசெய்து குறுக்கே பேசாதீர்கள்.